உச்சி வெயிலில் அகச்சிவப்புப் படம்: கொழும்பில் தொடங்குபவர்களுக்கு

கொழும்பில் புகைப்படம் எடுக்கக் கற்பவருக்கு முதலில் கிடைக்கும் அறிவுரை, காலை எட்டு மணிக்குப் பிறகும் மாலை நான்கு மணிக்கு முன்பும் கமராவை வெளியே எடுக்க வேண்டாம் என்பதாகும். பூமத்திய கோட்டுக்கு ஏறத்தாழ 7 பாகை வடக்கே கிடக்கும் இந்நகரத்தில் நடுப்பகல் ஒளி தலைக்கு நேர்மேலிருந்து விழுந்து, முகங்களில் கண்குழிகளைக் கறுப்பாக்கி, வானத்தையும் வெளிறச் செய்துவிடும் என்பதால் அந்த அறிவுரையில் பிழை இல்லை. அகச்சிவப்புப் படம் எடுப்பவர் மட்டும் அதைக் கேட்க வேண்டியதில்லை. மற்றவர்கள் நிழல் தேடி ஒதுங்கும் பத்து மணி முதல் மூன்று மணி வரையிலான பொழுதே இதற்கு உகந்தது. மதிய இடைவேளையில் விகாரமகாதேவி பூங்கா வரை நடந்து போய் வரக்கூடிய அலுவலருக்கு இதைவிட வாய்ப்பான பொழுதுபோக்கு வேறொன்று இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

நம் பாடநூல்களில் செந்நிறக்கீழ்க் கதிர் என்று படித்ததும், இன்று பரவலாக அகச்சிவப்பு என்று வழங்குவதும் ஒன்றே. 1800ஆம் ஆண்டில் வில்லியம் ஹேர்ஷல், அரியத்தால் பிரித்த சூரிய ஒளியில் சிவப்புக்கு அப்பால், கண்ணுக்கு எதுவும் தெரியாத இடத்தில் வைத்த வெப்பமானியின் அளவு ஏறுவதைக் கண்டு இக்கதிரை அறிந்தார். மனிதக் கண் ஏறத்தாழ 400 முதல் 700 நனோமீற்றர் வரையிலான அலைநீளங்களைக் காண்கிறது. கமராவில் உள்ள சிலிக்கன் உணரியோ ஏறத்தாழ 1100 நனோமீற்றர் வரை உணரும். இந்த இடைவெளியில் உள்ள அண்மை அகச்சிவப்பையே நாம் படமாக்குகிறோம். உடல் வெப்பத்தை வண்ணங்களாகக் காட்டும் கருவிகள் 8 முதல் 14 மைக்ரோமீற்றர் வரையிலான, ஏறத்தாழப் பத்து மடங்கு நீளமான அலைகளைக் கொண்டு இயங்குபவை. ஆகவே, இருட்டில் ஆட்களைக் காட்டுமா என்று உறவினர் கேட்டால், காட்டாது என்று தயங்காமல் சொல்லலாம். நமக்கும் வெயில் வேண்டும்.

இலைகள் வெண்மையாக ஒளிர்வதே இப்படங்களின் முதற் கவர்ச்சி. பச்சையம் நீலத்தையும் சிவப்பையும் உறிஞ்சிக்கொள்கிறது. அண்மை அகச்சிவப்பை அது தடுப்பதில்லை. இலைக்குள் புகுந்த அக்கதிர், கலங்களுக்கும் அவற்றிடையே உள்ள காற்று வெளிகளுக்கும் நடுவே சிதறி, ஏறத்தாழப் பாதி மேற்பக்கமாகத் திரும்பிவிடுகிறது. மீதியில் பெரும் பங்கு அடிப்பக்கமாக ஊடுருவி வெளியேறுகிறது. இந்த இரண்டாவது செய்தியைத் தொடக்கக்காரர் பலரும் கவனிப்பதில்லை. இலை ஊடுருவவும் விடுவதால்தான், உச்சிப் பொழுதில் ஒரு மரத்தின் கீழே நின்று மேல் நோக்கி எடுத்தாலும் விதானம் முழுவதும் ஒளிர்கிறது. 1910இல் இத்தகைய படங்களை வெளியிட்ட அமெரிக்க இயற்பியலாளர் ரொபர்ட் வில்லியம்ஸ் வுட் என்பவரின் பெயராலேயே இது வுட் விளைவு எனப்படுகிறது. மரத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லோடு அதற்குத் தொடர்பில்லை. நீல வானத்தில் காற்று மூலக்கூறுகள் நீண்ட அலைகளை மிகக் குறைவாகச் சிதறடிப்பதால் வானம் இருளும். முகிலின் நீர்த்துளிகள் எல்லா அலைகளையும் ஏறத்தாழ ஒரேயளவில் சிதறடிப்பதால் முகில் வெண்மையாகவே நிற்கும். நீர் இக்கதிரை உறிஞ்சுவதால் கடலும் வாவியும் கறுக்கும்.

வாங்கும் முன் ஒரு சோதனை

உணரிக்கு முன்னால் அகச்சிவப்பைத் தடுக்கும் ஒரு கண்ணாடியைக் கமரா உற்பத்தியாளர்கள் பொருத்தியிருப்பார்கள். அது இல்லாவிட்டால் சாதாரணப் படங்களின் நிறம் கெட்டுவிடும். 2006இல் வெளிவந்த லைக்கா எம்8 கமராவில் அத்தடுப்பு வலுக்குறைந்திருந்ததால் கறுப்புச் செயற்கைத் துணிகள் ஊதாவாகப் பதிந்தன. உங்கள் கமராவின் தடுப்பு எவ்வளவு வலுவானது என்பதை அறிய, அறையை இருட்டாக்கி, தொலைக்காட்சி ரிமோட்டைக் கமராவை நோக்கிப் பிடித்து, பொத்தானை அழுத்தியபடி சில செக்கன்கள் படமெடுங்கள். ரிமோட்டின் முனை பளிச்சென்று தெரிந்தால் நம்பிக்கை கொள்ளலாம். மங்கிய புள்ளியாக மட்டும் தெரிந்தால் நீண்ட ஒளியூட்டலுக்கு, அதாவது உணரியில் நெடுநேரம் ஒளி விழவிடுவதற்கு, ஆயத்தமாக வேண்டும். ஒன்றுமே தெரியாவிட்டால், கண்ணுக்குத் தெரியும் ஒளியைத் தடுத்து அகச்சிவப்பை மட்டும் விடும், வில்லையின் முன் பொருத்தும் வடிகட்டிக்குப் பணம் செலவிட வேண்டாம். நான் இந்தச் சோதனையைச் செய்யாமல் வடிகட்டியை வாங்கிக்கொண்டு நேரே காலிமுகத்திடலுக்குப் போய், ஒரு மணி நேரம் வெயிலில் நின்று, முழுக் கறுப்பான 23 படங்களோடு வெள்ளவத்தைக்குத் திரும்பியவன். 2004இல் வந்த நிக்கொன் டி70 போன்ற பழைய கமராக்கள் தடுப்பு மென்மையாக இருப்பதால் இத்துறையில் இன்றும் விரும்பப்படுகின்றன.

வாங்க வேண்டியது 720 நனோமீற்றர் வடிகட்டி, அதாவது ஏறத்தாழ அந்த அலைநீளத்துக்கு மேற்பட்டதை மட்டும் உள்ளே விடுவது. ஹோயா ஆர்72 பலருக்கும் தெரிந்த ஒன்று. 850 நனோமீற்றர் வடிகட்டி கறுப்பு வெள்ளைக்கு மட்டுமே உதவும், ஒளியையும் மேலும் குறைக்கும். 590 நனோமீற்றர் வடிகட்டி பொன்னிற இலைகளைத் தரும் என்றாலும் உள்தடுப்பை நீக்கி மாற்றியமைக்காத கமராவில் அதனால் பயனில்லை. உங்களிடம் பல வில்லைகள் இருந்தால், மிகப் பெரிய விட்டத்துக்கு ஒரு வடிகட்டி வாங்கி, மற்றவற்றுக்கு இணைப்பு வளையங்களைப் பயன்படுத்துவது சிக்கனமானது. ஒன்றை மட்டும் உறுதியாகச் சொல்ல வேண்டும்: இவ்வடிகட்டி வழியாகச் சூரியனை ஒருபோதும் கண்ணால் பார்க்காதீர்கள். கண்ணுக்குத் தெரியும் ஒளி தடுக்கப்படுவதால் கூசாது, கண்மணி விரிந்தே இருக்கும். ஆனால் அகச்சிவப்பு தடையின்றி உள்ளே சென்று விழித்திரையைச் சுட்டுவிடும்.

முதற் படம்

வடிகட்டி கண்ணுக்குக் கறுப்புக் கண்ணாடியாகவே தோன்றும் என்பதால், உள்ளிருக்கும் ஆடியின் உதவியால் வில்லை வழியே காட்சியைப் பார்க்கும் டிஎஸ்எல்ஆர் கமரா வைத்திருப்பவர் அதைப் பொருத்தும் முன்பே எல்லாவற்றையும் முடித்துவிட வேண்டும். கமராவை முக்காலியில் நிறுத்தி, காட்சியை அமைத்து, தானியங்கிக் குவியத்தால் குவித்த பின், குவியத்தைக் கைமுறைக்கு மாற்றுங்கள். அதன் பிறகே வடிகட்டியை மெதுவாகத் திருகுங்கள். திருகும்போது குவிய வளையம் அசைந்துவிடுவது நாம் எல்லோரும் செய்யும் தவறு. அகச்சிவப்பு, கண்ணுக்குத் தெரியும் ஒளி குவியும் இடத்துக்குச் சற்றுப் பின்னால் குவிவதால், பழைய வில்லைகளில் அதற்கென ஒரு சிவப்புக் குறி இருக்கும். தூரத்தை அக்குறிக்கு நேராக நகர்த்த வேண்டும். குறி இல்லாத வில்லையில் துவாரத்தை எஃப் 8 அல்லது எஃப் 11 அளவுக்குச் சுருக்கினால் பிழை பெரும்பாலும் மறைந்துவிடும். எஃப் 16க்குப் போக வேண்டாம்: அலைநீளம் கூடுவதால் ஒளி வளைவால் வரும் மங்கலும் கூடும், சில வில்லைகளில் படத்தின் நடுவே வெளிறிய வட்டம் ஒன்று எழுந்து, துவாரம் சுருங்கச் சுருங்கத் தெளிவாகத் தெரியும். பெயர்பெற்ற வில்லைகளிலும் இக்குறை உண்டு; விலை குறைந்த வில்லைகள் சில இதில் தப்பிவிடுவதும் உண்டு. உங்கள் வில்லையை நீங்களே சோதிப்பதுதான் வழி.

ஒளியூட்டலைக் கணக்கிடக் கமராவின் ஒளிமானியை நம்ப முடியாது. சாதாரண வெயிலில் ஐஎஸ்ஓ எனப்படும் உணர்திறன் 100, எஃப் 8இல் 1/250 செக்கன் போதும் என்று கொள்வோம். ஒரு படி என்பது ஒளி பாதியாவது; வடிகட்டியும் உள்தடுப்பும் சேர்ந்து 10 படிகளை விழுங்கினால், ஒளி 1024இல் ஒரு பங்காகிவிடும். ஆகவே ஏறத்தாழ 4 செக்கன்கள் தேவை. 12 படிகள் என்றால் 16 செக்கன்கள். ஐஎஸ்ஓ 200 அல்லது 400இல் தொடங்கி, 4, 8, 16 என்று இரட்டித்துக்கொண்டே போய்த் திரையில் பாருங்கள். நீண்ட ஒளியூட்டலின்போது டிஎஸ்எல்ஆரின் காண்குழியைத் துணியால் மூடாவிட்டால் பின்புறமிருந்து வெயில் கசிந்து படத்தில் புகை படிந்தாற்போல் ஆகிவிடும். ஒளியின் பரம்பலைக் காட்டும் வரைபான ஹிஸ்டோகிராமில் மூன்று நிறங்களையும் தனித்தனியே காட்டச் செய்யுங்கள். மொத்த வரைபு ஒழுங்காகத் தெரியும்போதே சிவப்புச் சனல் நிரம்பி வழிந்துவிட்டிருக்கும்.

கமரா பதப்படுத்தாத தரவை அப்படியே சேமிக்கும் ரோ வடிவில் எடுப்பது கட்டாயம். அத்துடன், வெயில் படும் புற்றரை ஒன்றைச் சட்டம் நிறைய எடுத்து, எதை வெண்மையாகக் கொள்வது என்று கமராவுக்குச் சொல்லும் தனிப்பயன் வெண்சமநிலைக்கு அதையே கொடுத்துவிட வேண்டும்; காலிமுகத்திடலின் புல் பல மாதங்களில் திட்டுத் திட்டாகக் காய்ந்திருப்பதால் சுதந்திர சதுக்கத்துப் புற்றரையே எனக்கு உதவுகிறது.

கணினியில்

இப்படங்களை லைட்ரூம் என்ற படத் திருத்த மென்பொருளில் முதன்முதல் திறந்தவர் திகைப்பது இயல்பு. கமராத் திரையில் வெண்மையாக இருந்த இலைகள் அங்கே இரத்தச் சிவப்பாகத் தெரியும்; வெண்சமநிலையை 2000 கெல்வினுக்குக் கீழே கொண்டுபோக அம்மென்பொருள் விடாததே காரணம். அடோபியின் டிஎன்ஜி புரொபைல் எடிட்டரில் வெப்பநிலையைக் கடைசிவரை குறைத்து உங்கள் கமராவுக்கென ஒரு புரொபைல், அதாவது நிற அமைப்புக் கோப்பு, செய்துவிட்டால் இத்தொல்லை ஒரே முறையில் தீரும். பின்னர் இலை வெண்மையாகவும் வானம் செம்பழுப்பாகவும் இருக்கும் படத்தை, போட்டோஷொப்பிலோ இலவசமான கிம்ப்பிலோ திறந்து, சனல் மிக்சரில் சிவப்புக்குச் சிவப்பு 0, நீலம் 100 என்றும், நீலத்துக்குச் சிவப்பு 100, நீலம் 0 என்றும் மாற்றினால் வானம் நீலமாகிவிடும். நான் பெரும்பாலும் கறுப்பு வெள்ளையோடு நிறுத்திக்கொள்கிறேன். நீல வானமும் வெள்ளை மரமும் முதற் பத்துப் படங்களுக்கு வியப்பூட்டும், பதினோராவதில் எல்லாம் ஒன்றுபோலத் தோன்றும்.

கமராவை மாற்றியமைத்தல்

கொழும்பில் முற்பகலிலேயே கடற்காற்று எழுந்துவிடும். 16 செக்கன் ஒளியூட்டலில் தென்னோலை வெறும் பஞ்சுப் புகையாகிவிடும் என்பதால், சில மாதங்களில் உங்களுக்கும் உள்தடுப்பை நீக்கிய கமரா வேண்டும் என்ற எண்ணம் வரும். உள்தடுப்பை எடுத்து 720 நனோமீற்றர் கண்ணாடியை வைத்துவிட்டால் வெயிலில் 1/125 செக்கனில் கையில் பிடித்தே எடுக்கலாம். உள்ளே ஆடி இல்லாத, பாவித்த மிரர்லெஸ் கமராவே இதற்கு ஏற்றது. குவியத்தை உணரியிலேயே பார்ப்பதால் முன்சொன்ன குவியப் பிழை எழுவதில்லை. நீங்களே திறக்க முயல வேண்டாம்: பளிச்சொளிக்கு மின்னேற்றும் கொள்ளளவி 300 வோல்ற்றளவில் மின்னைத் தேக்கி வைத்திருக்கும், மின்கலத்தைக் கழற்றிய பின்னும் தாக்கும். கடையில் கொடுப்பதாக இருந்தாலும், புதிய கண்ணாடியின் தடிப்பைப் பற்றிக் கேட்டுவிட்டே கொடுங்கள். நண்பர் ஒருவரின் டிஎஸ்எல்ஆருக்குத் தடிப்புக் குறைந்த கண்ணாடியை வைத்துவிட்டார்கள். அதன் பின் அக்கமரா தொலைவில் உள்ள எதையும் கூர்மையாக எடுத்ததில்லை.

எங்கே, எப்போது

ஜனவரி முதல் மார்ச் வரை வானம் தெளிவாக இருக்கும். தென்மேற்குப் பருவக்காற்று மே மாதத்தில் தொடங்கியபின் நல்ல நாட்கள் அரிதாகும். அகச்சிவப்பு புகைமூட்டத்தைத் துளைக்கும் என்று படித்துவிட்டு வருபவர் இங்கே ஏமாறுவார், ஏனெனில் நம்முடைய மூட்டம் பெரும்பாலும் ஈரத்தால் ஆனது, அதன் துளிகள் முகிலைப் போலவே நடந்துகொள்கின்றன. பெருமழை பெய்து ஓய்ந்து வெயில் ஏறிய முதல் ஒரு மணி நேரத்தை விட்டுவிடாதீர்கள்; வானமும் கழுவப்பட்டிருக்கும், சாலையோர இலைகளின் தூசும் போயிருக்கும்.

பேர வாவியின் பச்சை நீர் மையாகக் கறுத்து, மேலே மிதக்கும் பாசிப் படலம் மட்டும் வெண் திட்டாக நிற்பதைப் பார்க்கலாம். பௌத்தாலோக மாவத்தையின் தூங்குமூஞ்சி மரங்களை மாலைவரை தள்ளிப்போட வேண்டாம். வெயில் சாயும்போது அவை இலை மடித்துக்கொள்ளும், விதானம் பாதியாகிவிடும். ஆட்களை எடுப்பதானால் முன்பே சொல்லிவிடுங்கள்: தோல் பாலாடை போல வழுவழுப்பாகும், கண்கள் இருளும், கறுப்பென்று உடுத்தி வந்த சேலை சாம்பல் வெள்ளையாகப் பதியும். கோட்டைப் பக்கமும் துறைமுகப் பக்கமும் முக்காலியை விரித்தால் சீருடைக்காரர் வந்து கேட்பார்கள்; காவலர் நிற்கும் இடம் எதுவானாலும் முதலில் அவரிடம் கேட்டுவிட்டு விரிப்பது நல்லது. மாற்றியமைக்காத கமராவோடு முதல் நாள் போவதற்கு நான் சொல்லும் இடம் தேசிய அருங்காட்சியகத்தின் முன்றில் ஆலமரம். கட்டிடமும் மரங்களும் கடற்காற்றை ஓரளவு தடுப்பதால் அங்கே நண்பகலில் இலைகள் அவ்வளவாக அசைவதில்லை. விழுதுகளுக்கு இடையே முக்காலியைத் தாழ வைத்து, ஐஎஸ்ஓ 400, எஃப் 8, 8 செக்கன் என்று தொடங்குங்கள்.