பிள்ளை பெற்றவர்களோடு பாடும் கலைஞர்கள்: திட்டம் நடத்துவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

நியூயார்க்கின் கார்னகி ஹால் 2011-ல் பிராங்க்ஸ் பகுதியிலுள்ள ஜேகோபி மருத்துவமனையில் ‘லல்லபை புராஜெக்ட்’டைத் தொடங்கியது. கருவுற்றவரோ பிள்ளை பெற்றவரோ ஓர் இசைக்கலைஞரோடு உட்கார்ந்து, தன் குழந்தைக்கென்றே ஒரு தாலாட்டை எழுதி, மெட்டமைத்து, பதிவுசெய்து எடுத்துப் போவார். இன்று பல நாடுகளில் இதே முறையில் திட்டங்கள் நடக்கின்றன. சேர்ந்து பாடுவதன் பலனுக்குச் சான்றும் உண்டு. லண்டனில் 134 தாய்மாரை வைத்துச் செய்து 2018-ல் வெளியான ஆய்வில், மனச்சோர்வு கூடுதலாக இருந்தவர்களில் 10 வாரம் குழுவாகப் பாடியவர்கள், வழக்கமான கவனிப்பு மட்டும் பெற்றவர்களைவிடச் சீக்கிரம் தேறினார்கள்.

பாடவைக்கப் போகிற கலைஞரின் நலமோ பெரும்பாலான திட்டங்களில் நன்றியுரையோடு நின்றுவிடுகிறது. அது கால அட்டவணையிலும் வரவுசெலவிலும் ஏற வேண்டிய விஷயம். தவறுகள் எல்லாம் அந்த இரண்டு தாள்களில்தான் தொடங்குகின்றன.

பாடும் நேரத்தை மட்டும் கணக்கில் எடுப்பது

அமர்வு ஒரு மணி நேரம் என்றால் வேலை இரண்டரை மணி நேரம். முன்னால் அரை மணி: வார்டு செவிலியரிடம் அன்றைய நிலவரம் கேட்க, கை கழுவ, சுருதி சேர்க்க. பின்னால் முக்கால் மணி: கூடப் பாடிய கலைஞரோடு நடந்ததைப் பேச, குறிப்பெழுத, கொஞ்ச நேரம் சும்மா உட்கார. மீதி கால் மணி எப்படியும் இழுத்துக்கொள்ளும். இத்தனைக்கும் சேர்த்தே சம்பளம் தர வேண்டும். தராவிட்டால், அழுத தாயைவிட்டு எழுந்த கலைஞர் அதே கனத்தோடு அடுத்த கச்சேரிக்கு பஸ் பிடிப்பார். ஒரு நாளைக்கு இரண்டு அமர்வுக்கு மேல் போடாதீர்கள். நம் ஊரில் இதையே ‘சேவை’ என்று சொல்லி, சால்வையோடு முடித்துவிடும் பழக்கம் இருக்கிறது. சேவை என்ற சொல் வந்த இடத்தில் ‘எனக்கு முடியவில்லை’ என்று வாய்திறக்க யாருக்கும் துணிவு வராது.

தனியாள் அனுப்புவது

இரண்டு பேர் போக வேண்டும். செலவுக்காக ஒருவராகக் குறைத்தால், பாட்டின் நடுவே ஒரு தாய் உடைந்து அழும்போது பாட்டை விடுவதா தாயை விடுவதா என்று அந்த ஒருவர் தவிப்பார். இருவர் இருந்தால் ஒருவர் கிதாரையோ சுருதியையோ நிறுத்தாமல் தாழ்வாக ஓட்டுவார், மற்றவர் நகர்ந்துபோய் அந்தத் தாயின் பக்கத்தில் உட்காருவார். குழந்தைகளும் மற்ற தாய்மாரும் பதறாமல் இருப்பார்கள்.

தாலாட்டு எழுதும்போது துக்கம் வரும். நமக்கு இது புதிதல்ல. நம் தாலாட்டுகளில் மாமன் சீர் மட்டுமா இருக்கிறது, புகுந்த வீட்டின் மேல் உள்ள மனக்குறையும் இருக்கிறதே. குழந்தைக்குச் சொல்வதுபோல் தாய் தன் கஷ்டத்தைச் சொல்லிக்கொள்வாள். அதை முதலில் கேட்பவர் எதிரே உட்கார்ந்திருக்கும் கலைஞர்.

ஆகவே, கேட்டதை எங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பது என்பது முதல் நாளே முடிவாகியிருக்க வேண்டும். கருவிப் பெட்டியில் ஓர் அட்டை: பொறுப்புச் செவிலியரின் பெயர், அலைபேசி எண், அவர் இல்லாதபோது யார் என்பது. இந்தியாவில் நடத்தினால் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-ஐயும் எழுதுங்கள். ‘செத்துவிடலாம்போல இருக்கிறது’ என்று ஒருவர் சொன்னால் அவரைத் தனியே விடாமல் அங்கிருந்தே செவிலியரை அழைக்க வேண்டும். ‘யாருக்காவது ஆபத்து என்று தோன்றினால் செவிலியரிடம் சொல்லிவிடுவோம்’ என்பதை முதல் அமர்வின் தொடக்கத்திலேயே தாய்மாரிடம் சொல்லிவிட்டால், பிறகு நம்பிக்கைத் துரோகம் செய்த உறுத்தல் கலைஞருக்கு இருக்காது. பிள்ளை பெற்றவரின் மனச்சோர்வைக் கண்டறிய உதவும் எடின்பரோ அளவுகோலின் 10 கேள்விகளையும் கலைஞர் கையில் கொடுத்து நிரப்பி வாங்கச் சொல்வது இன்னொரு தவறு. கடைசிக் கேள்வி தனக்குத்தானே தீங்கு செய்துகொள்ளும் எண்ணம் பற்றியது. அந்தப் பதிலைப் படித்து முடிவெடுக்கப் பயிற்சி பெற்றவரே அதைக் கேட்க வேண்டும்.

வேலை கொடுப்பவரிடமே மனம்விட்டுப் பேசச் சொல்வது

பரவலாக நடக்கும் தவறு இது. ‘எப்போது வேண்டுமானாலும் என்னிடம் பேசுங்கள்’ என்று ஒருங்கிணைப்பாளர் மனதாரத்தான் சொல்கிறார். ஆனால் அடுத்த மாதம் யாரைக் கூப்பிடுவது என்று முடிவு செய்பவரும் அவரே. மாதச் சம்பளம் இல்லாத கலைஞர் அவரிடம் ‘தூக்கம் வரவில்லை’ என்று சொல்லமாட்டார். திட்டத்துக்கு வெளியே உள்ள ஓர் ஆலோசகரை அமர்த்துங்கள். நாலைந்து கலைஞர்கள், மூன்று அல்லது நான்கு வாரத்துக்கு ஒருமுறை, ஒன்றரை மணி நேரம். அங்கே பேசியது திட்ட அலுவலகத்துக்குப் போகக் கூடாது, அந்த நேரத்துக்கும் சம்பளம் உண்டு. விருப்பப்பட்டவர் வரலாம் என்று வைத்தால் மிகவும் தேவைப்படுகிறவரே வராமல் போவார். எல்லோருக்கும் பொதுவாக வைத்துவிடுங்கள்.

கலைஞரும் கருக்கலைந்தவராக இருக்கலாம், குழந்தைக்காகச் சிகிச்சையில் இருக்கலாம். நேர்காணலில் அதைத் துருவாதீர்கள். காரணம் சொல்லாமல் அமர்வை மாற்றிக்கொள்ளும் உரிமையை எல்லோருக்கும் எழுத்தில் கொடுங்கள், போதும்.

குறைமாதக் குழந்தைகள் வார்டில் திட்டம் நடந்தால், பாட்டு முடியுமுன் குழந்தை இறந்துபோகும் வாய்ப்பு உண்டு. யார் கலைஞரிடம் சொல்வது? அமர்வுக்கு வந்து நின்ற பிறகு காலித் தொட்டிலைப் பார்த்து அவர் தெரிந்துகொள்ளக் கூடாது, வாட்ஸ்அப்பிலும் தெரியக் கூடாது. பெயர் குறித்த ஒருவர் தொலைபேசியில் சொல்ல வேண்டும். பாதி பதிவான பாட்டை அழிக்காமல் வைத்திருந்து, வார்டு மூலமாகப் பெற்றோரைக் கேட்க வேண்டும், கலைஞர் நேரடியாகக் கேட்கக் கூடாது. அடுத்த அமர்விலிருந்து சம்பளத்தோடு விடுப்பு.

உடம்பை மறப்பது

குறைமாதக் குழந்தைகள் பிரிவில் சத்தம் 45 டெசிபலைத் தாண்டினால் கவலைக்குரியது என்கிறது அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகம். சாதாரணப் பேச்சே 60 வரும். 45-க்குள் தணித்துப் பாடுகிறேன் என்று காற்றுக் கலந்து கிசுகிசுத்தால் தொண்டை சீக்கிரம் களைத்துவிடும். வாயை மூடி ஹம் செய்வதும், சொற்களைக் குறைப்பதும், பாட்டுக்கு நடுவே கருவியை மட்டும் ஓடவிடுவதும் தாங்கும். தாய்மாருக்காகச் சுருதியை இறக்குவது சரிதான், ஆனால் கலைஞரின் கீழ் ஸ்தாயிக்குக் கீழே போய்விட்டால் பத்து வாரத்தில் குரல் கட்டும். அடிக்கடி கைகழுவித் தந்தி மீட்டும் விரல்நுனி வெடிக்கும். அமர்வு முடிந்ததும் தடவிக்கொள்ள வாசனையில்லாத க்ரீம் வாங்கி வையுங்கள். தரையில் உட்கார முடியாதவருக்குத் தாழ்வான ஸ்டூல்.

சளி பிடித்தவர் வார்டுக்குள் வரக் கூடாது என்று விதி எழுதுவார்கள், வராத நாளுக்குச் சம்பளம் தரமாட்டார்கள். வாடகைக்குப் பணம் வேண்டியவர் மாத்திரை போட்டுக்கொண்டு வந்துவிடுவார். நோய் விடுப்புச் சம்பளம் குழந்தைகளுக்கும் பாதுகாப்பு.

முடிவைத் திட்டமிடாமல் விடுவது

பத்து வாரம் என்றால் எட்டாவது வாரமே ‘இன்னும் இரண்டுதான்’ என்று அறிவியுங்கள். கலைஞரின் சொந்த எண் யாரிடமும் போகாமல் திட்டத்துக்கென ஒரு சிம் இருக்கட்டும், இரவு இரண்டு மணிக்கு வரும் குரல்செய்தி அதில் விழட்டும். ஆனால் அதைக் காலையில் எடுத்துக் கேட்பவர் யாரென்றும், அவசரம் என்றால் இரவில் எந்த எண்ணை அழைப்பது என்றும் தாய்மாருக்குச் சொல்லியிருக்க வேண்டும். கடைசி அமர்வுக்கு அடுத்த வாரம், கலைஞர்கள் மட்டும் கூடி அந்தப் பாட்டுகளை ஒருமுறை பாடி முடிக்க ஒரு மணி நேரத்தையும் அட்டவணையில் போடுங்கள்.