ரோந்து காரில் டேஷ்போர்டு காலியாக இருக்கட்டும்
மலேசியாவின் சுங்கை சிப்புட் தோட்டப் பாதைகளில் இரவு ரோந்து போகும் தம்பிகளே, டார்ச், வாக்கி டாக்கி, தெர்மோஸ் எதையும் டேஷ்போர்டின் மேல் வைக்காதீர்கள். கார் மோதினால் டேஷ்போர்டுக்குள் இருக்கும் ஏர்பேக் (காற்றுப்பை) கண் இமைப்பதற்குள் விரிந்துவிடும்; மேலே இருப்பது நேராக முகத்துக்குத்தான் வரும். பின்சீட்டில் உருளும் தீயணைப்பானும் அப்படியே. 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் மோதி நின்றால், தீயணைப்பான் அதே வேகத்தில் முன்னால் பாயும். அதற்கென்று உள்ள இரும்புத் தாங்கியில் மாட்டி இறுக்குங்கள். ஒளிரும் மேற்சட்டை மட்டும் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். காரை விட்டு இறங்கும் முன்பே போட்டுக்கொள்ள வேண்டும்.

அப்புறம் டயர். செம்பனை (எண்ணெய்ப்பனை) மட்டையின் முள் டயரின் பக்கச் சுவரில் ஏறி, வெளியே நுனி மட்டும் கறுப்பாகத் தெரியும். புறப்படும் முன் குனிந்து, உள்பக்கத்திலும் டார்ச் அடித்துப் பாருங்கள்.