வாஷிங்டன் என்னும் குடும்பப் பெயர்: வேர் தேடுவோர் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஆங்கிலேயக் குடும்பப் பெயர் ஒன்றின் வரலாற்றைத் தேடப் புகுவோரில் பெரும்பாலோர், அந்தப் பெயருக்கு என்ன பொருள் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். கிடைத்த விடையைத் தங்கள் முன்னோரின் கதையாகவே எடுத்துக்கொண்டும் விடுகிறார்கள். மற்றத் தவறுகள் பலவற்றுக்கும் இதுவே தொடக்கம். வாஷிங்டன் என்ற பெயரைச் சான்றாக வைத்துக்கொண்டால் அவை தெளிவாகப் புலப்படும். அமெரிக்காவின் முதல் குடியரசுத் தலைவரின் பெயர் என்பதால் இருநூறு ஆண்டுகளுக்கு மேலாக இதை அறிஞர்கள் துருவித் துருவி ஆராய்ந்திருக்கிறார்கள். அவர்களிலும் தேர்ந்தவர்கள் சறுக்கியிருக்கிறார்கள்.

இந்தப் பெயரின் முற்பகுதியைக் கேட்டதும் துணி வெளுப்பதையோ நீரோடையையோ நினைத்துக்கொள்வது இயல்பு. ஆனால் இது பழைய ஆங்கிலத்தில் 'வாசா என்பவனின் மக்கள் வாழும் பண்ணை' என்று பொருள்படும் ஊர்ப்பெயர். இந்தப் பெயரில் வடக்கே டரம் பகுதியில் ஓர் ஊரும் தெற்கே சசெக்ஸ் பகுதியில் வேறோர் ஊரும் உண்டு. ஒரே பெயருள்ள இரண்டு ஊர்களில் எது நம் குடும்பத்தின் ஊர் என்பதைப் பெயர் சொல்லாது, ஆவணம்தான் சொல்லும். அந்த வாசாவைக் குடும்பத்தின் மூதாதை என்று கருதுவதும் தவறு. ஊருக்குப் பெயர் தந்தவன் வேறு, பல நூற்றாண்டுகளுக்குப் பின் அந்த ஊரின் பெயரைத் தாங்கியவர்கள் வேறு.

ஜார்ஜ் வாஷிங்டனின் முன்னோர் டரம் பகுதியைச் சேர்ந்தவர்கள். டரம் ஆயரின் ஆணைப்படி 1183இல் தொகுக்கப்பட்ட போல்டன் ஏடு என்னும் நிலக் கணக்கில், வில்லியம் டி ஹெர்ட்பர்ன் என்பவர் தம் வசமிருந்த ஹெர்ட்பர்ன் ஊரைக் கொடுத்து அதற்கு மாற்றாக வாஷிங்டனைப் பெற்றதாகப் பதிவாகியிருக்கிறது. நிலம் மாறியதும் அவருடைய பெயரும் மாறியது. அந்த நில மாற்றம் நடக்காதிருந்தால் குடும்பத்தின் பெயர் ஹெர்ட்பர்ன் என்றே நிலைத்திருக்கக்கூடும். பரம்பரைக் குடும்பப் பெயர் உறுதிப்படாத அந்தக் காலத்தில், தந்தைக்கும் மகனுக்கும் வெவ்வேறு பெயர்கள் இருந்ததும், ஒருவருக்கே இரண்டு பெயர்கள் இருந்ததும் வியப்புக்குரியவை அல்ல. அதேபோல், அந்த ஊரைவிட்டு வெளியேறிய எந்த உழவரும் வந்து சேர்ந்த இடத்தில் 'வாஷிங்டன்காரர்' என்று அழைக்கப்பட்டிருக்கலாம். அவர் நிலக்கிழாரின் உறவினராக இருந்திருக்க வேண்டியதில்லை.

எழுத்துக்கூட்டலைப் பற்றி நீட்டிச் சொல்லத் தேவையில்லை. 1416 முதல் 1446 வரை டரம் மடத்தின் தலைவராக இருந்த ஜான், ஆவணங்களில் வெசிங்டன் என்றே அறியப்படுகிறார். இன்றைய எழுத்துக்கூட்டலை மட்டும் கொண்டு தேடுவோருக்கு இத்தகைய பதிவுகள் அகப்படாமலே போய்விடும்.

எல்லாவற்றையும்விட ஆபத்தானது, பெயரும் காலமும் ஒத்துப்போவதைக் கண்டதும் ஆளும் அவரே என்று முடிவு கட்டிவிடுவது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில், இங்கிலாந்தின் குலச்சின்ன அலுவலகத்தில் தலைமைப் பொறுப்பு வகித்த சர் ஐசக் ஹெர்ட், வாஷிங்டனின் கொடிவழியைத் தொகுக்க முனைந்து, அவருக்கே கடிதம் எழுதி விவரம் கேட்டார். 1792இல் பதில் எழுதிய வாஷிங்டன், தாம் இந்தப் பொருளில் மிகக் குறைந்த கவனமே செலுத்தியதாகக் குறிப்பிட்டு, தெரிந்த சிலவற்றை அனுப்பிவைத்தார். அவருடைய கொள்ளுத்தாத்தா ஜானும், ஜானின் தம்பி லாரன்ஸும் 1650களில் இங்கிலாந்திலிருந்து வர்ஜீனியாவுக்குக் குடிபெயர்ந்தவர்கள். நார்தாம்ப்டன்ஷயரின் சல்கிரேவ் மாளிகைக்குரிய வாஷிங்டன் குடும்பத்தில் ஜான், லாரன்ஸ் என்று இரண்டு சகோதரர்கள் இருப்பதைக் கண்ட ஹெர்ட், அவர்களே இவர்கள் என்று கொண்டார். அந்தக் கொடிவழி வாழ்க்கை வரலாறுகளில் ஏறிப் பல்லாண்டுகள் உண்மைபோல் உலவியது.

1860களில் ஜோசஃப் லெமுவல் செஸ்டர் என்னும் ஆய்வாளர் மூல ஆவணங்களை ஒன்றுவிடாமல் பார்த்தபோது அந்தக் கட்டடம் சரிந்தது. ஹெர்ட் சுட்டிய ஜான், திராப்ஸ்டன் ஊரில் வாழ்ந்த, 'சர்' பட்டம் பெற்ற வீரப்பெருந்தகை; லாரன்ஸோ எசெக்ஸ் பகுதியின் பர்லி ஊர்த் திருச்சபையில் குருவாக இருந்து, உள்நாட்டுப் போர்க் காலத்தில் 1643இல் தூய்மைவாதிகளால் (பியூரிட்டன் எனப்பட்ட கிறித்தவப் பிரிவினரால்) பதவி பறிக்கப்பட்டவர். இருவருமே கடல் கடந்து போனவர்கள் அல்லர். 1889இல்தான் ஹென்றி ஃபிட்ஸ்கில்பர்ட் வாட்டர்ஸ் சரியான தொடர்பை எடுத்துக்காட்டினார். குடிபெயர்ந்த ஜானும் லாரன்ஸும் அந்தப் பர்லி குருவின் பிள்ளைகள். ஹெர்ட் சரியான குடும்பத்தையே பிடித்திருந்தார். ஆனால் ஒரு தலைமுறை பிசகிவிட்டார். வாட்டர்ஸுக்குக் கைகொடுத்தவை ஹெர்ட்ஃபர்ட்ஷயரின் டிரிங் ஊரைச் சார்ந்த சாதாரணத் தாள்களே. குருவின் மனைவி ஆம்ஃபிலிஸ் இறந்தபின் அவருடைய உடைமைகளை நிர்வகிக்கும் உரிமை மகன் ஜானுக்கு வழங்கப்பட்ட பத்திரம், பிள்ளைகளின் பெயர்களைக் குறிப்பிடும் உயில் ஒன்று, இளைய லாரன்ஸுக்கு 1635இல் திருமுழுக்கு நடந்ததைக் காட்டும் பதிவேடு ஆகியவை அவற்றுள் அடங்கும்.

உயிலையும் சொத்துப் பத்திரத்தையும் திருமுழுக்குப் பதிவைவிட முதன்மையாகத் தேட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. திருச்சபைப் பதிவேடுகள் 1538 முதல் எழுதப்பட வேண்டும் என்று ஆணை இருந்தாலும், தொடக்க காலத்தவை பல அழிந்துவிட்டன. உள்நாட்டுப் போர்க் காலத்தில் பல ஊர்களில் எழுதுவதே தடைப்பட்டது. மேலும், திருமுழுக்குப் பதிவு பெரும்பாலும் ஒரு குழந்தையையும் அதன் தந்தையையும் மட்டுமே காட்டும். உயிலோ மனைவி, மக்கள், மருமக்கள், கடன்காரர் என்று ஒரு குடும்பத்தையே உறவுமுறையோடு நம் கண்முன் நிறுத்தும்.

பழைய தேதிகளைப் படிப்பதிலும் கவனம் வேண்டும். இங்கிலாந்தில் 1752க்கு முன் சட்டப்படியான ஆண்டு மார்ச் 25ஆம் நாள்தான் தொடங்கியது. 1700 ஏப்ரலில் மணம் முடித்த தம்பதியரின் குழந்தைக்கு '1700 பிப்ரவரி'யில் திருமுழுக்கு என்று எழுதியிருந்தால், அது திருமணத்துக்கு முந்தைய பிறப்பு அன்று. பத்து மாதங்களுக்குப் பிந்தையது. 1752இல் நாட்காட்டியும் மாறி, தேதிகள் பதினொரு நாள் முன்னே தள்ளப்பட்டன. அதனால் ஜார்ஜ் வாஷிங்டன் பிறந்த நாள் பழைய கணக்கில் 1731 பிப்ரவரி 11, புதிய கணக்கில் 1732 பிப்ரவரி 22. இரண்டையும் கண்டு இரண்டு குழந்தைகள் என்று எழுதிவைப்போரும் உண்டு. எடுத்தெழுதும்போது எந்தக் கணக்கு என்பதையும் சேர்த்தே குறித்துக்கொள்ள வேண்டும்.

குலச்சின்ன வணிகம் பலரை ஏமாற்றுகிறது. வெள்ளைப் பரப்பில் இரண்டு சிவப்புப் பட்டைகளும் மேலே மூன்று சிவப்பு நட்சத்திரங்களும் கொண்ட வாஷிங்டன் சின்னத்தை, அந்தப் பெயருள்ள எவருக்கும் சட்டமிட்டு விற்கும் கடைகள் இருக்கின்றன. ஆங்கிலேய மரபில் சின்னம் ஒரு பெயருக்கு வழங்கப்படுவதில்லை. ஒரு மனிதருக்கு வழங்கப்பட்டு, அவருடைய முறையான ஆண்வழியில் இறங்குகிறது. 1938இல் ஏற்கப்பட்ட வாஷிங்டன் நகரக் கொடி இந்தச் சின்னத்திலிருந்து உருவானது என்பது மெய். அமெரிக்க தேசியக் கொடியும் இதிலிருந்து வந்ததே என்ற கதைக்குச் சான்று இல்லை.

ஒரே பெயர் என்றால் ஒரே இரத்தம் என்ற எண்ணமும் இங்கே உடைகிறது. ஜார்ஜ் வாஷிங்டனுக்குப் பிள்ளைகள் இல்லாததால், அவருடைய நேர் வாரிசு என்று யாரும் சொல்லிக்கொள்ள முடியாது. 2000ஆம் ஆண்டு அமெரிக்கக் குடிமதிப்பில் இந்தக் குடும்பப் பெயரைக் கொண்டிருந்த ஏறத்தாழ 1,63,000 பேரில் 90 விழுக்காட்டினர் கறுப்பின மக்கள். அவர்கள் அனைவரும் தங்களை அடிமைப்படுத்தியவரின் பெயரை ஏற்றார்கள் என்று பொதுவாகச் சொல்வதும் அவசரமே. வாஷிங்டனிடம் அடிமையாக இருந்து தப்பி, பிரித்தானியரிடம் சேர்ந்து, நோவா ஸ்கோஷியா வழியாக சியரா லியோன் சென்ற ஹாரி வாஷிங்டனுக்கு அந்த விளக்கம் பொருந்தலாம். கல்வியாளர் புக்கர் டி. வாஷிங்டன் சிறுவயதில் பள்ளியில் முழுப்பெயர் கேட்கப்பட்டபோது தாமாகவே அந்தப் பெயரைச் சொன்னார். அவருடைய மாற்றாந்தந்தையின் முதற்பெயர் வாஷிங்டன். ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனித்தனியே விடை தேட வேண்டியிருக்கிறது.

குடும்பப் பெயர் முதற்பெயராகவும் மாறிவிடுகிறது. 1783இல் நியூயார்க்கில் பிறந்த எழுத்தாளர் வாஷிங்டன் இர்விங்குக்கு ஜார்ஜ் வாஷிங்டனைப் போற்றும் வகையில் பெயரிட்டார்கள். சென்னையின் கிரிக்கெட் வீரர் வாஷிங்டன் சுந்தருக்கோ, அவருடைய தந்தைக்கு இளமையில் உதவிய முன்னாள் இராணுவ வீரர் ஒருவரின் பெயரை நன்றியோடு வைத்தார்கள். பட்டியல்களில் பெயர் இப்படி இடம் மாறி நிற்கும்போது, அது குடும்பப் பெயரா முதற்பெயரா என்பதைத் தீர்மானித்த பிறகே கொடிவழியில் சேர்க்க வேண்டும்.