தெருவிலும் ஓடும் டிராக் காருக்கு எடை குறைந்த முன் பிரேக்

வாரநாள்களில் கூட்டரசு நெடுஞ்சாலை நெரிசலில் வேலைக்குப் போய்வந்து, பந்தய நாளில் சிப்பாங்கில் 402 மீட்டர் நேர்கோட்டு டிராக் (drag) ஓட்டம் ஓடும் காரின் முன் பிரேக் எடையைக் குறைக்க விரும்புபவர், கடைக்குப் போகும் முன் தம் காரின் பழைய பாகங்களைக் கழற்றித் தராசில் நிறுத்துப் பார்க்க வேண்டும். சக்கரத்துடன் சுழலும் டிஸ்க், அதில் உரசும் பேட், பேட்டை அழுத்தும் கேலிப்பர், அதைத் தாங்கும் பிராக்கெட் ஆகியவற்றின் எடையைத் தனித்தனியே குறித்து வைத்தால்தான், விற்பவர் சொல்லும் 'பாதி எடை' எதில் பாதி என்பது விளங்கும்.

சுழலும் பாகத்தில் 1 கிலோ குறைத்தால் காரில் பல கிலோ குறைத்ததற்குச் சமம் என்று பட்டறைகளில் சொல்வதை அப்படியே நம்ப வேண்டியதில்லை. டிஸ்கின் எடை அச்சுக்கு அருகில் இருப்பதால், 1 கிலோ குறைப்பு முடுக்கத்தில் ஏறத்தாழ 1.1 கிலோ அளவுக்கே பயன் தரும். டயரிலும் ரிம்மின் விளிம்பிலும் குறைப்பதே கூடுதல் பலன் தரும். அதிலும் புரோட்டோன் வீரா, சத்ரியா போன்ற முன்சக்கர இழுவைக் கார்களுக்குக் கிளம்பும்போது முன்பக்கப் பாரம் பிடிமானத்துக்குத் தேவைப்படுகிறது.

ஆகவே எடையை எங்கே குறைப்பது என்பதே முதன்மையான கேள்வி. என் கருத்தில், கேலிப்பரிலும் டிஸ்கின் நடுப்பகுதியிலும் அலுமினியத்துக்கு மாறலாம். பேட் உரசும் இரும்பு வளையத்தில் மட்டும் கை வைக்கக் கூடாது. 1,100 கிலோ கார் 200 கிலோமீட்டர் வேகத்திலிருந்து நிற்கும்போது சுமார் 1.7 மெகாஜூல் ஆற்றல் வெப்பமாக வேண்டும். அதில் 70 விழுக்காட்டை முன் டிஸ்க்குகள் ஏற்பதாகவும், காற்றின் தடை எதுவுமில்லை எனவும் கொண்டால், 5 கிலோ டிஸ்க் ஏறக்குறைய 260 பாகை செல்சியஸ் சூடேறும், 2.5 கிலோ டிஸ்க்கோ 520 பாகை ஏறும். பந்தயத் தடத்தில் அடுத்த ஓட்டத்துக்குள் அது ஆறிவிடும். ஆனால் கெந்திங் மலையிலிருந்து இறங்கும்போது, ஒவ்வொரு 1,000 மீட்டர் உயர இறக்கத்திலும் வெளிப்படும் ஆற்றல் அப்படி ஆறு முறை நிறுத்துவதைவிட அதிகம். எஞ்சின் பிரேக்கிங் ஒரு பகுதியை ஏற்றாலும், எஞ்சியதில் பெரும்பகுதி முன் டிஸ்க்குகளிலேயே சேரும். டிராக் பந்தயத்துக்கென்றே விற்கப்படும், காற்றுவழியற்ற, துளையிட்ட மெல்லிய டிஸ்க் இதற்குத் தாங்காது. துளைகளின் ஓரத்தில்தான் முதலில் விரிசல் விடும். காற்றுவழியுள்ள டிஸ்கையே வாங்குங்கள். பழைய டிஸ்கில் பொறித்திருக்கும் குறைந்தபட்சத் தடிமனுக்குக் கீழே கடைந்து எடை குறைக்கும் யோசனையை யார் சொன்னாலும் ஏற்காதீர்கள்.

கேலிப்பரில் பார்க்க வேண்டியது பிஸ்டனின் பரப்பு. பழைய கேலிப்பர் 54 மில்லிமீட்டர் ஒற்றைப் பிஸ்டன் கொண்ட நகரும் வகையானால், அதன் பரப்பு சுமார் 22.9 சதுர சென்டிமீட்டர். நான்கு பிஸ்டன் அலுமினியக் கேலிப்பரை அதனுடன் ஒப்பிடும்போது ஒரு பக்கத்து இரண்டு பிஸ்டன்களை மட்டுமே கணக்கிட வேண்டும்; அவை 38 மில்லிமீட்டர் என்றால் 22.7 வரும், மிதியை அழுத்தும்போது பிரேக் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரை மாற்றாமலே பொருந்தும். சிறிய பிஸ்டன்களைப் போட்டால் மிதி கடினமாவதோடு, முன்பக்கப் பிடி குறைந்து பின்சக்கரங்கள் முதலில் பூட்டிக்கொள்ளலாம். 200 கிலோமீட்டர் வேகத்தில் இறுதிக் கோட்டைத் தாண்டிய கார் சுழல்வதற்கு அதுவே போதும்.

பந்தயக் கேலிப்பர்கள் பலவற்றில் பிஸ்டனைச் சுற்றித் தூசி ரப்பர் இருக்காது. மழையிலும் தெருச் சேற்றிலும் ஓடும் காருக்கு, குறிப்பாகக் கடற்காற்று படும் பினாங்குக் காருக்கு, ரப்பர் உள்ள வகையையே தேர்ந்தெடுங்கள். பேட்டும் குளிர்ந்த நிலையிலேயே பிடிக்கும் தெருவகையாக இருக்கட்டும். சூடேறினால்தான் பிடிக்கும் பந்தய பேட், காலையில் வீட்டை விட்டுக் கிளம்பிய முதல் விளக்குச் சந்திப்பிலேயே கைவிடும். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டாட் 4 வகையின் கொதிநிலைக்குரிய கீழ்வரம்பு புதிதில் 230 பாகை, ஈரமேறிய பின் 155 பாகை. நம் ஊர் ஈரப்பதத்தில் ஆண்டுக்கொரு முறையாவது அதை மாற்றுவது நல்லது.

பணம் கொடுக்கும் முன் ரிம்மின் உட்புறத்தில் அட்டை மாதிரி வைத்து, கேலிப்பருக்கும் கம்பிகளுக்கும் இடைவெளி இருக்கிறதா என்று பாருங்கள். இத்தகைய மாற்றத்துக்கு அனுமதி தேவையா என்பதை ஜேபிஜே (சாலைப் போக்குவரத்துத் துறை) அலுவலகத்தில் கேட்டுக்கொள்ளுங்கள். பொருத்திய பின், ஆளற்ற இடத்தில் மிதமான வேகத்திலிருந்து பலமுறை படிப்படியாக நிறுத்தி பேட்டைப் படியவைத்து, டிஸ்க் ஆறியதும் போல்ட்டுகளின் இறுக்கத்தை டார்க் ரெஞ்ச் கொண்டு மறுபடி சோதித்த பிறகே பந்தயத் தடத்துக்குப் போகலாம்.