கிறுக்குத்தனமா ஒரு ரகசியப் பத்திரிகை போடுறது எப்படி? 4 தாள், 16 பக்கம்

சிற்றிதழ்னு சொன்ன உடனே கனமான தலையங்கம், ஆசிரியர் குழு, சந்தா படிவம்னு பயந்துடாதீங்க, நாம பண்ணப்போறது அது இல்ல, சோதனைக் கட்டுரையும் நையாண்டியுமா ஒரு குட்டிப் புக்கு. யார் போட்டாங்கன்னே தெரியாம நாலு பேர் கைக்குப் போகணும், படிச்சவன் "எவன்டா இத எழுதினது"ன்னு சுத்திமுத்தி பாக்கணும், அவ்ளோதான். நான் முதல் தடவ எல்லாத்தையும் எழுதி முடிச்சுட்டு அப்புறமாதான் பக்கத்தைப் பத்தி யோசிச்சேன், 19 பக்கம் வந்து நின்னுச்சு. 19 பக்கத்தை எப்படி மடிக்கிறது? அதனால நீங்க தாள்ல இருந்து ஆரம்பிங்க.

முதல் வேலை, மடிக்கிறது. ஏ4 தாளை (210 × 297 மி.மீ.) பாதியா மடிச்சா ஒரு தாளுக்கு 4 பக்கம் கிடைக்கும், அதனால பக்க எண்ணிக்கை எப்பவும் 4-ஆல வகுபடணும். 4 தாளை ஒண்ணுக்குள்ள ஒண்ணு செருகி, பென்சில்ல 1-ல இருந்து 16 வரைக்கும் நம்பர் போட்டுட்டு பிரிச்சுப் பாருங்க. 16-ம் 1-ம் பக்கத்துல பக்கத்துல இருக்கும், அதுக்குப் பின்னாடி 2-ம் 15-ம். எந்த ஜோடியக் கூட்டினாலும் 17 வரும், வரலன்னா எங்கயோ சொதப்பிட்டீங்க. இந்த வெத்து மாதிரிப் புக்கை தூக்கிப் போட்டுடாதீங்க, கடைசி வரைக்கும் இதுதான் வழிகாட்டி.

அடுத்து கட்டுரை. "சோதனை முயற்சி"ன்னா புரியாம எழுதுறதுன்னு நிறைய பேர் நினைக்கிறாங்க, எனக்கு அதுல சுத்தமா உடன்பாடு இல்ல. ஒரு கட்டுப்பாட்டை வச்சுக்கிட்டு அதுக்குள்ள மாட்டிக்கிட்டு தவிக்கிறதுதான் சோதனை. நம்ம ஆளுங்க இத எப்பவோ பண்ணிட்டாங்க, நிரோட்டகம்னு உதடு ஒட்டாம பாடுற வகையே இருக்கு, 341-வது குறள் "யாதனின் யாதனின் நீங்கியான்" சொல்லிப் பாருங்க, முழுக்குறளும் முடியுற வரைக்கும் உதடு ஒட்டவே ஒட்டாது, ஏன்னா ப, ம வரிசை எழுத்து ஒண்ணுகூட இல்ல. அதே மாதிரி நீங்க ஒரு பக்கம் உரைநடை எழுதிப் பாருங்க, "அம்மா"வும் வராது "அப்பா"வும் வராது, அப்போ வீட்டைப் பத்தி எப்படி எழுதுவீங்க? அங்கதான் விஷயம் சூடு பிடிக்குது. இது கஷ்டம்னா வடிவத்தைத் திருடுங்க. காதல் தோல்விய மிக்சி கூட வர்ற உபயோகக் குறிப்பு மாதிரி எழுதலாம், ஒரு ஆளோட வாழ்க்கைய வெறும் அடிக்குறிப்பாவே எழுதலாம், மேல கட்டுரையே இருக்கக்கூடாது.

நையாண்டிக்கு ஒரே ரூல், எழுதுறவன் சிரிக்கக்கூடாது. ஆச்சரியக்குறி, "ஹிஹி" எல்லாத்தையும் அடிச்சுடுங்க. 1073-வது குறள்ல வள்ளுவர் கயவர்கள தேவருக்குச் சமம்னு தூக்கி வச்சுட்டு, ஏன்னா அவங்களும் இஷ்டத்துக்கு நடக்குறாங்களேன்னு கவுத்து விடுவாரு பாருங்க, வஞ்சப்புகழ்ச்சின்னா அது. மேல உக்காந்திருக்கிறவனத்தான் அடிக்கணும். இன்னொண்ணு, பேர் போடாத பத்திரிகைதானேன்னு நிஜ ஆளோட பேரைப் போட்டு பொய்க்கதை கட்டாதீங்க, அது நையாண்டி இல்ல அவதூறு, கேஸ் வரும்.

ஒட்டு வேலை ஜாலியா இருக்கும். டைப் பண்ணி பிரின்ட் எடுத்து, வெட்டி, மாதிரிப் புக்கைப் பாத்துப் பாத்து ஜோடி ஜோடியா ஒட்டுங்க. ஓரத்துல 1 செ.மீ. விட்டுடுங்க, பெரும்பாலான ஜெராக்ஸ் மெஷின் விளிம்பு வரைக்கும் அடிக்காது. ஒட்டின துண்டோட விளிம்பு காப்பில கருப்புக் கோடா விழும், வெள்ளை மை தடவினா போயிடும், எனக்கு அந்தக் கோடு பிடிக்கும்ங்கறதால விட்டுடுவேன்.

ரெண்டு பக்கமும் காப்பி எடுக்கும்போது முதல்ல ஒரே ஒரு செட் எடுத்து மடிச்சுப் பாருங்க, பின்பக்கம் தலைகீழா வந்திருக்க நிறைய வாய்ப்பு இருக்கு. நடு மடிப்புக்கு சாதா ஸ்டேப்லர் எட்டாது, அதனால ஸ்டேப்லர பிரிச்சு, புக்கை அட்டைப்பக்கம் மேல இருக்குற மாதிரி விரிச்சு, அடியில தெர்மாகோல் வச்சு அழுத்துங்க, அப்புறம் உள்பக்கம் நீட்டிக்கிட்டு இருக்குற பின்னை ஸ்கேலால மடக்கிடுங்க.

எத்தனை காப்பி? 30 போதும். சோவியத் நாட்டுல சமிஸ்தாத்னு தணிக்கைக்குத் தெரியாம சுத்தின எழுத்தெல்லாம் பெரும்பாலும் மெல்லிசு தாளுக்கு நடுவுல கார்பன் வச்சு டைப் பண்ணதுதான், ஒரு தடவைக்கு சில பிரதிகள்தான் வரும், கிடைச்சவங்க உக்காந்து திரும்ப டைப் அடிச்சு அடுத்தவங்களுக்குக் குடுத்தாங்க. நீங்களும் 16-ம் பக்கத்துல "படிச்சாச்சா, காப்பி எடுத்து இன்னொருத்தருக்குக் குடுங்க"ன்னு ஒரு வரி போட்டுட்டு, லைப்ரரி புக்குக்குள்ள, ஆளுங்க காத்திருக்குற இடத்து நாற்காலி மேலன்னு வச்சுட்டு வந்துடுங்க, நின்னு வேடிக்கை பாக்காதீங்க, மாட்டிப்பீங்க. ஒட்டின மூலத் தாள் நாலையும் மட்டும் கவர்ல போட்டு பத்திரமா வைங்க, ஏன்னா காப்பில இருந்து காப்பி எடுத்துக்கிட்டே போனா ஒரு கட்டத்துல எழுத்தெல்லாம் கரைஞ்சு ப எது, ம எதுன்னே தெரியாது.