குறும்படத்துக்குப் பணம் சேர்க்கும் முன் ஒரு காகிதம்

நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து மதுரையில் ஒரு குறும்படம் எடுத்தோம். கம்பெனி கிடையாது, சங்கம் கிடையாது, ஒரு வாட்ஸ்அப் குழு மட்டும்தான். தெரிந்தவர்களிடம் கேட்டு 1,80,000 ரூபாய் சேர்ந்தது. எல்லாம் எங்களில் ஒருவருடைய யுபிஐ எண்ணுக்குப் போனது. எடிட்டிங் பாதியில் நிற்கும்போது அவருக்கு பெங்களூரில் வேலை கிடைத்துவிட்டது. மீதி 22,000 ரூபாய் எங்கே என்று கேட்டால், "அது எங்க மாமா கொடுத்தது, திருப்பிக் கொடுத்துட்டேனே" என்றார். அவர் பொய் சொல்லவில்லை. மாமா கடனாகத்தான் கொடுத்திருந்தார், நாங்கள்தான் நன்கொடை என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

கல்யாண வீட்டு மொய் மேசையில் பணத்தை வாங்கிப் பையில் போடுபவர் ஒருவர், நோட்டில் எழுதுபவர் இன்னொருவர். அந்த அளவு ஏற்பாடுகூட எங்களிடம் இல்லை. அடுத்த படத்துக்கு எங்களுக்குள் ஓர் ஒப்பந்தம் எழுதிக்கொண்டோம். அதை எப்படி எழுதுவது என்று வரிசையாகச் சொல்கிறேன்.

1. சட்டம் உங்களை யாராகப் பார்க்கிறது?

வரும் லாபத்தைப் பிரித்துக்கொள்ளலாம் என்று பேசிக்கொண்டு சேர்ந்து தொழில் செய்தால், ஒரு வரிகூட எழுதாவிட்டாலும் 1932-ஆம் ஆண்டு இந்தியக் கூட்டாண்மைச் சட்டப்படி நீங்கள் கூட்டாளிகளாகிவிடலாம். வேறு பேச்சு இல்லையென்றால் லாப நட்டம் எல்லாருக்கும் சமம். தொழிலுக்காக ஒருவர் வாங்கிய கடனுக்கு மற்ற நான்கு பேரும் முழுப் பொறுப்பு. கேமரா வாடகைக் கடைக்காரர் ஐந்து பேரில் யாரிடம் வேண்டுமானாலும் மொத்தப் பாக்கியையும் கேட்கலாம்.

"இது கூட்டாண்மை அல்ல" என்று ஒரு வரி எழுதிவிட்டால் போதும் என்று சிலர் சொல்வார்கள். போதாது. உண்மையில் எப்படி நடந்துகொண்டீர்கள் என்பதைத்தான் நீதிமன்றம் பார்க்கும். லாபம் வரும் என்று நிஜமாகவே எதிர்பார்த்தால் கூட்டாண்மை என்றே எழுதிப் பதிவு செய்வது நல்லது. பதிவில்லாத கூட்டாண்மையில் ஒப்பந்தத்தைக் காட்டி ஒருவர்மேல் ஒருவர் வழக்குப் போடுவது பெரும்பாலும் முடியாது. லாப நோக்கம் இல்லை, ஏழு பேராவது இருக்கிறீர்கள் என்றால் 1975-ஆம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டம் இருக்கிறது. ஒரே ஒரு குறும்படத்துக்கு அது அதிகம் என்பது என் கருத்து.

2. ஒவ்வொரு ரூபாய்க்கும் ஒரு பெயர்

ஒப்பந்தத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. வரும் பணம் மூன்றே வகை: நன்கொடை, கடன், பங்கு. நன்கொடை திரும்பாது. கடன் படம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் திரும்ப வேண்டும். பங்கு என்றால் வருமானம் வந்தால்தான் பணம், வராவிட்டால் இல்லை. நாங்கள் எழுதிய வரி இது:

"எந்தத் தொகையும் கணக்கில் வருமுன், கொடுப்பவர் அது நன்கொடையா, கடனா, பங்கா என்று எழுத்தில் சொல்ல வேண்டும். சொல்லாமல் வந்த தொகை ஏழு நாளுக்குள் திருப்பி அனுப்பப்படும்."

வருமானம் வந்தால் யாருக்கு முதலில் என்ற வரிசையையும் இங்கேயே எழுதுங்கள். முதலில் பாக்கி வாடகை, அப்புறம் கடன், அப்புறம் பங்குக்காரர்கள், மிச்சத்தில் குழு. கொடுப்பவர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் ஒரு செய்திகூட ஆதாரம்தான், அதை அழித்துவிடாதீர்கள்.

வெளிநாட்டுப் பணத்தில் மட்டும் கொஞ்சம் நில்லுங்கள். கலை, பண்பாடு சார்ந்த திட்டத்துக்கு வெளிநாட்டுக் குடிமகன் தரும் நன்கொடைக்கு 2010-ஆம் ஆண்டு வெளிநாட்டுப் பங்களிப்பு ஒழுங்குமுறைச் சட்டம் குறுக்கே வரும். பதிவு செய்யாத குழுவும் அந்தச் சட்டத்தில் 'சங்கம்' என்ற சொல்லுக்குள் அடங்கும். சிங்கப்பூரில் இருக்கும் அண்ணன் இந்தியப் பாஸ்போர்ட்டிலேயே இருந்து சொந்தச் சேமிப்பிலிருந்து தந்தால் அது வெளிநாட்டுப் பங்களிப்பு ஆகாது. அந்த நாட்டுக் குடியுரிமை வாங்கியிருந்தால் கதை வேறு, பணத்தைத் தொடுமுன் ஆடிட்டரிடம் கேளுங்கள்.

3. பணம் யார் கையில்?

தனி ஆளின் சம்பளக் கணக்கு வேண்டவே வேண்டாம். ஒரு நிதியாண்டில் உறவினர் அல்லாதவர்களிடமிருந்து சும்மா வரும் பணம் 50,000 ரூபாயைத் தாண்டினால், முழுத் தொகையும் அவருடைய வருமானமாகக் கணக்கில் வரும். குழுவின் பணம், பாவம், அவர் தலையில் வரியாக விழும்.

பதிவில்லாத குழுவின் பெயரிலும் வங்கிக் கணக்கு தொடங்க ரிசர்வ் வங்கி விதிகளில் இடம் உண்டு. தீர்மானம், பான் எண் அல்லது அது இல்லாதவர்கள் தரும் படிவம், கணக்கை இயக்குபவர்களுக்கான அதிகாரக் கடிதம், அவர்களுடைய அடையாளச் சான்று எல்லாம் கேட்பார்கள். கிளை மேலாளர் தயங்கினால் இரண்டு பேர் பெயரில் கூட்டுக் கணக்கு தொடங்குங்கள். படிவத்தில் "யாராவது ஒருவர்" என்பதை டிக் செய்யாமல், இருவரும் சேர்ந்தே இயக்க வேண்டும் என்பதைத் தேர்ந்தெடுங்கள். "இந்தப் பணம் குழுவுக்குச் சொந்தம், கணக்கில் பெயர் உள்ளவர்கள் அதை வைத்திருப்பவர்கள் மட்டுமே" என்று ஒப்பந்தத்தில் ஒரு வரி கட்டாயம் வேண்டும். செலவுக்கும் ஒரு வரம்பு வையுங்கள். எங்களுக்கு 2,000 ரூபாய் வரை ஒருவர் முடிவு, அதற்கு மேல் மூன்று பேர் சம்மதம்.

4. படம் யாருடையது?

1957-ஆம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி திரைப்படத்தின் 'ஆசிரியர்', அதாவது படைத்தவராகக் கருதப்படுபவர், தயாரிப்பாளர்தான். தயாரிப்பாளர் என்றால் முயற்சியும் பொறுப்பும் எடுத்துக்கொண்டவர். அது யார் என்று ஐந்து பேரும் ஐந்து பதில் சொல்வீர்கள், அதனால் பெயரை எழுதிவிடுங்கள். கதை எழுதியவரும் இசையமைத்தவரும் தங்கள் உரிமையைக் கைமாற்றிக் கொடுத்தால் அது எழுத்தில், கையெழுத்தோடு இருக்க வேண்டும். காலம் குறிப்பிடாவிட்டால் சட்டம் அதை ஐந்து ஆண்டு என்று எடுத்துக்கொள்ளும், இடம் குறிப்பிடாவிட்டால் இந்தியா மட்டும். யூடியூபில் போடும் படத்துக்கு "உலகம் முழுவதும்" என்ற இரண்டு சொல் இல்லாமல் போனால் என்ன ஆகும் என்று நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

5. ஒருவர் விலகினால்

விலகுபவர் எத்தனை நாளில் கணக்கு ஒப்படைக்க வேண்டும், எடுத்த காட்சிகளின் நகல் யாரிடம் இருக்கும், டைட்டிலில் அவர் பெயர் இருக்குமா, படமே நின்றுபோனால் மிச்சப் பணம் என்னாகும். நான்கு வரி போதும்.

6. கையெழுத்து

18 வயது நிரம்பாதவர் போடும் ஒப்பந்தம் செல்லாது. கல்லூரி முதலாண்டுத் தம்பிகள் இருந்தால் பிறந்த தேதியைப் பாருங்கள். எந்த மதிப்புக்கு ஸ்டாம்ப் பேப்பர் வேண்டும் என்று பத்திர எழுத்தரிடம் கேட்டு வாங்குங்கள். முத்திரை குறைந்தால் நீதிமன்றம் அதை அப்படியே சாட்சியமாக ஏற்காது, அபராதத்தோடு கட்டச் சொல்லும். ஆறு மாதத்துக்கு முன் வாங்கிய பேப்பர் செல்லாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள், பயன்படுத்தலாம் என்று உச்ச நீதிமன்றம் 2008-லேயே சொல்லிவிட்டது. எல்லாப் பக்கத்திலும் எல்லாரும் கையெழுத்துப் போட்டு, இரண்டு சாட்சி வைத்து, ஆளுக்கொரு நகல் எடுத்துக்கொள்ளுங்கள். பெரிய தொகை என்றால் வழக்கறிஞர் ஒருவர் படித்துப் பார்க்கட்டும்.

எங்கள் ஒப்பந்தம் ஒன்றரைப் பக்கம்தான். எழுத இரண்டு மாலை ஆனது. முதல் மாலை முழுக்க, போஸ்டரில் யார் பெயர் முதலில் வருவது என்பதிலேயே போய்விட்டது.