லூசியானா: வரைபடத்தை நம்பிச் செய்யும் தவறுகள்

அமெரிக்க வரைபடத்தில் லூசியானாவைக் கண்டுபிடிக்கச் சிரமப்பட வேண்டாம். டெக்சாசுக்குக் கிழக்கே, பூட்ஸ் அணிந்த கால் போன்ற மாநிலம் அதுதான். ஆனால் அந்தப் படத்தை அப்படியே நம்பி எழுதுபவர்கள்தான் வினாடி வினாக்களிலும் பள்ளிக் கட்டுரைகளிலும் சறுக்குகிறார்கள்.

தலைநகரம் நியூ ஆர்லியன்ஸ் என்று எழுதுவது மிகப் பழைய பிழை. அது மாநிலத்தின் பெரிய நகரம். 2020 கணக்கெடுப்பில் சுமார் 3.84 லட்சம் பேர் இருந்தார்கள். தலைநகரம் அதில் பாதியைச் சற்றுத் தாண்டும் மக்கள்தொகை கொண்ட பேட்டன் ரூஜ். அங்குள்ள 34 மாடிச் சட்டமன்றக் கட்டடம் 1932இல் திறக்கப்பட்டது. அமெரிக்க மாநிலச் சட்டமன்றக் கட்டடங்களில் அதுவே மிக உயரமானது.

இன்னொன்று 1803ஆம் ஆண்டைப் பற்றியது. அந்த ஆண்டு ஒன்றரைக் கோடி டாலருக்கு பிரான்சிடமிருந்து அமெரிக்கா வாங்கிய ‘லூசியானா’ வேறு, இன்றைய மாநிலம் வேறு. வாங்கிய நிலம் ஏறத்தாழ 21 லட்சம் சதுர கிலோமீட்டர். வடக்கே இன்றைய கனடா எல்லையையும் தாண்டியது. அதன் தென்கோடியில் ஒரு துண்டுதான் 1812இல் பதினெட்டாவது மாநிலமாயிற்று. வேடிக்கை என்னவென்றால், 1803க்குப் பிறகும் பேட்டன் ரூஜ் ஸ்பெயினின் கையில்தான் இருந்தது. 1810இல் அங்கு குடியேறியவர்கள் கலகம் செய்து கோட்டையைப் பிடித்து, மேற்கு புளோரிடா என்ற குட்டிக் குடியரசை அறிவித்தார்கள். மூன்று மாதம் நிறைவதற்குள் அமெரிக்கா அதைச் சேர்த்துக்கொண்டது.

ஸ்பெயின் என்றதும் இதையும் சொல்லிவிடலாம். நியூ ஆர்லியன்சின் பிரெஞ்சுக் குடியிருப்புப் பகுதியில் இரும்புக் கம்பி பால்கனிகளைக் காட்டி ‘பிரெஞ்சுக் கட்டடக்கலை’ என்பார்கள். 1788, 1794 ஆண்டுகளின் பெருந்தீயில் பிரெஞ்சுக் காலத்து வீடுகளில் பெரும்பாலானவை எரிந்துவிட்டன. இன்று நிற்பவை பெரும்பாலும் ஸ்பானிய ஆட்சியிலும் அதற்குப் பின்னரும் எழுந்தவை.

ஆற்றுக்கு வருவோம். பெயரை வைத்து, மிசிசிப்பி ஆறு மிசிசிப்பி மாநிலத்தில் கடலில் கலப்பதாக எண்ணிக்கொள்கிறார்கள். முகத்துவாரம் லூசியானாவில் இருக்கிறது. அந்த ஆறு இன்று ஓடும் வழியும் முழுக்க இயற்கை விட்ட வழியல்ல. பேட்டன் ரூஜுக்கு வடமேற்கே அட்சாஃபலாயா என்ற கிளை பிரிகிறது. கடலுக்கு அதுவே குறுக்கு வழி. சும்மா விட்டிருந்தால் மிசிசிப்பியின் பெரும்பகுதி அந்தப் பக்கம் திரும்பியிருக்கும். நியூ ஆர்லியன்ஸ் துறைமுகத்தின் பிழைப்பும் போயிருக்கும். அதைத் தடுக்க ராணுவப் பொறியாளர் பிரிவு கட்டிய மதகுகள் 1963 முதல் இயங்குகின்றன. மிசிசிப்பியும் சிவப்பு ஆறும் அங்கே கொண்டுவரும் மொத்த நீரில் 30 சதவீதம் மட்டுமே அட்சாஃபலாயாவுக்குப் போகிறது. 1973 வெள்ளம் அந்தக் கட்டமைப்பின் அடித்தளத்தையே அரித்துவிட்டது.

‘நியூ ஆர்லியன்ஸ் முழுவதும் கடல் மட்டத்துக்குக் கீழே’ என்பதும் சரியில்லை. ஏறத்தாழ பாதிதான் அப்படி. வெள்ளம் கரை புரளும்போது கனமான வண்டலை ஆறு கரையோரத்திலேயே போட்டுவிட்டுப் போகும். அதனால் ஆற்றோரம் மேடு, உள்ளே போகப் போகப் பள்ளம். பழைய நகரம் அந்த மேட்டில் அமைந்தது. இருபதாம் நூற்றாண்டில் பம்புகள் வைத்துச் சதுப்பு நிலத்தை வடித்து வீடு கட்டினார்கள். நீர் வடிந்த மண் சுருங்கித் தாழ்ந்தது.

2005 ஆகஸ்ட் 29 அன்று கத்ரீனா புயலில் நகரின் 80 சதவீதம் மூழ்கியதற்கு ‘மிசிசிப்பி கரை உடைந்தது’ என்று காரணம் எழுதாதீர்கள். நகருக்குள் ஆற்றுக் கரை தாங்கி நின்றது. வடக்கேயுள்ள பான்சார்ட்ரெய்ன், பெயரளவில்தான் ஏரி. கடலோடு இணைந்த உவர்நீர்ப் பரப்பு. புயல் தள்ளிய நீர் அதன் வழியாக வடிகால் வாய்க்கால்களுக்குள் ஏறியது. 17ஆம் தெரு, லண்டன் அவென்யூ வாய்க்கால்களின் சுவர்கள், நீர் அவற்றின் மேல்விளிம்பை எட்டுவதற்கு முன்பே சரிந்தன. இயற்கைச் சீற்றம் என்று முடித்துக்கொள்வது பொறியியல் தவறை மறைப்பதாகும்.

மாநிலம் முழுக்கச் சதுப்பும் முதலையும் என்று நினைப்பவர்கள் வடக்கே ஷ்ரீவ்போர்ட் பக்கம் போனால் பைன் காடுகளையும் செம்மண் மேடுகளையும் பார்ப்பார்கள். மிக உயர்ந்த இடமான டிரிஸ்கில் ‘மலை’ வெறும் 163 மீட்டர்தான்! கேஜன் மக்களை நியூ ஆர்லியன்சில் தேடுவதும் வீண். 1755 முதல் கனடாவின் அகேடியாவிலிருந்து ஆங்கிலேயர் விரட்டிய பிரெஞ்சு மக்களின் வழிவந்த அவர்களின் வட்டாரம் லாஃபயெட்டைச் சுற்றியது. நிர்வாக ரீதியாக, மற்ற பெரும்பாலான மாநிலங்களில் கவுண்டி (நம் மாவட்டம் போன்றது) இருக்கும் இடத்தில் இங்கே 64 பாரிஷ்கள். நியூ ஆர்லியன்ஸ் விமான நிலையம் பக்கத்து ஜெஃபர்சன் பாரிஷில் இருப்பதை விலாசம் எழுதும்போது கவனிக்கவும்.

கடைசியாக அந்த பூட்ஸ். அதன் அடிப்பாகத்தில் பெரும் பகுதி சதுப்பும் திறந்த நீருமாக இருக்கிறது. கரை கட்டியதால் புது வண்டல் வருவதில்லை. எண்ணெய்க் குழாய்களுக்காக வெட்டிய கால்வாய்கள் வழியே உப்புநீர் புகுந்து புல்லைக் கொல்கிறது. நிலமும் தானே தாழ்கிறது. 1930களிலிருந்து போனது சுமார் 5,000 சதுர கிலோமீட்டர். ‘மணிக்கு ஒரு கால்பந்து மைதானம்’ என்ற பிரபல வாசகத்தை மாறாத கணக்காக எழுத வேண்டாம். வேகம் காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. பிளாக்கமின்ஸ் பாரிஷில் மஞ்சள் பருத்தி விரிகுடா உட்பட முப்பதுக்கும் மேற்பட்ட இடங்களின் பெயர்களை அரசின் கடல் வரைபடங்களிலிருந்து எடுத்துவிட்டார்கள். சுற்றியிருந்த நிலம் கரைந்து எல்லாம் ஒரே நீராகிவிட்டது. மாநிலப் பரப்பு 1,35,659 சதுர கிலோமீட்டர் என்று எழுதும்போது, அதில் ஆறில் ஒரு பங்குக்கு மேல் நீர் என்பதையும் சேர்த்து எழுதுங்கள். மக்கள் அடர்த்தியை நிலப்பரப்பை வைத்தே கணக்கிடுங்கள்.